கிடர்பூர் அத்தியாயம்

— எழுந்திருக்காத சைதன்யா. நான் இன்னும் முடிக்கல. உங்கப்பா வர்ற வரைக்கும் நீ இந்த நாற்காலியிலதான் இருக்கணும்.

— அப்பாவை எதுக்கு மேம் கூப்பிட்டேள்? நான் ஸ்கூல் கொழந்தை இல்லையே. என்னோட டிசர்டேஷன், என்னோட தப்பு.

— தப்புன்னு நீயே ஒத்துக்கிட்ட. ரொம்ப நல்லது. கொஞ்சம் சத்தமாப் பேசு, போன்ல ரெக்கார்ட் ஆகுது. இந்த ரூம்ல நடக்குற ஒவ்வொரு விசாரணையும் ரெக்கார்ட் ஆகணும்னு ரூல் போட்டதே நான்தான்.

— தெரியும் மேம். டீச்சர்ஸ் ஒர்க்‌ஷாப்ல நீங்க அதைச் சொன்னப்போ நானும் ஹால்ல இருந்தேன். வாலண்டியர் டியூட்டி. எல்லாருக்கும் சிங்காடா சமோசாவும் சாயும் எடுத்துக் குடுத்துண்டு நின்னேன்.

— அப்ப முழுசாக் கேட்டிருப்ப.

— கேட்டேன். பத்து காலேஜ்லேர்ந்து டீச்சர்ஸ் வந்திருந்தா. எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு நோட் பண்ணிண்டா. சந்தேகம் வந்தா முதல்ல ஸ்டூடண்டைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு சொன்னேள். எங்க போன, யாரைப் பார்த்த, இந்த வரியை எப்படி எழுதினன்னு கேளுங்க, சாஃப்ட்வேர் காட்டற பர்சன்டேஜைத் தூக்கிப் பிடிச்சுண்டு போலீஸ்காரர் மாதிரி நிக்காதீங்கன்னு சொன்னேள். அதாவது, இதே வார்த்தை இல்ல. ஆனா இதான்.

— நல்ல ஞாபகசக்தி. உங்க வீட்டு வழக்கமாச்சே. அடுத்தவங்க சொன்னதை அப்படியே பிடிச்சு வெச்சுக்கிறது.

— எங்கப்பாவைச் சொல்றேளா மேம்?

— நான் உன் டிசர்டேஷனைச் சொல்றேன். ரெண்டாவது அத்தியாயம். கிடர்பூர் துறைமுகத்துக் கைவண்டிக்காரங்க. உன் மத்த அத்தியாயமெல்லாம் நீ பேசுற மாதிரியே இருக்கு. நடுவுல நிக்குது, யோசிக்குது, திரும்பி வந்து வேற பக்கம் போகுது. இது மட்டும் ஜம்முனு போகுது. சாஃப்ட்வேர் ஒண்ணும் காட்டல. பழைய புக்கு, நெட்ல ஏறாதது. அதனால ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்ட.

— உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.

— என்ன?

— ஒண்ணுமில்ல மேம். கேளுங்கோ.

— கேக்கத்தானே கூப்பிட்டேன். இந்தப் பக்கத்தைப் பாரு. துறைமுகக் கேட்டுக்குள்ள தினம் எத்தனை கைவண்டி போச்சுன்னு கணக்குப் போட்டிருக்கு. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் நடுவுல வண்டியே இல்லாமப் போயிடுது. கொஞ்ச நாள் கழிச்சுப் பழையபடி வந்துடுது. ஏன்?

— அதுலயே எழுதியிருக்கே மேம்.

— எழுதியிருக்கறதைப் படிக்க எனக்குக் கண்ணு இருக்கு. மழை முடியிற சமயத்துல கப்பல் வரத்து கம்மியாகுது, துறைமுகம் தேஞ்சுக்கிட்டு வர்றதுக்கு அது அடையாளம்னு ஒரு பக்கம் முழுக்க இருக்கு. நான் உன் வாயால கேக்குறேன். செப்டம்பர்ல வண்டி ஏன் ஓடல?

— விஸ்வகர்மா பூஜை மேம்.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— கல்கத்தாவுல பொறந்தவா யாரைக் கேட்டாலும் சொல்லுவாளே. அன்னிக்கு ரிக்‌ஷா, லாரி, லேத் மிஷின், கைவண்டி எல்லாத்துக்கும் மாலையைப் போட்டு நிறுத்திடுவா. வண்டியைத் தொட்டாக்கூடத் திட்டு விழும். தெருத்தெருவா பந்தல், ஆகாசம் பூரா காத்தாடி. கிடர்பூர்ல கேக்கவே வேண்டாம், பூஜை முடிஞ்சு விக்ரஹத்தைக் கரைச்சப்புறந்தான் யாராவது வேலைக்கு வருவா. இதுல கப்பல் எங்கேர்ந்து வந்தது?

— தெரிஞ்சே கப்பல்னு எழுதினியா?

— எழுதல மேம். பார்த்து எழுதினேன். எதைப் பார்த்தேனோ அதுல அப்படித்தான் இருந்தது. தப்பையும் சேர்த்து எடுத்தேன், ஒரு வார்த்தை மாத்தல.

— எதுக்கு?

— ரெக்கார்டரை நிறுத்துங்கோ. சொல்றேன்.

— நிறுத்த மாட்டேன். ரெக்கார்ட் இல்லாத விசாரணை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு பொண்ணு. மதுரைக்காரி. பேங்க்குல இருந்த அப்பாவுக்கு இந்த ஊருக்கு மாத்தலாச்சு, கூடவே வந்து பிஎச்டிக்குச் சேர்ந்தா. பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது, பஸ்ல எங்க இறங்கணும்னுகூடக் கேக்கத் தெரியாது. கைடு தமிழர். மூணு தலைமுறையா இந்த ஊர்லயே இருக்குற குடும்பம். நம்ம ஊர்ப் பொண்ணுன்னு அம்புட்டுப் பிரியமாச் சேத்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமையானா வீட்டுக்கு வரச் சொல்லி சாப்பாடு போடுவார். அந்த வீட்டுல ஒரு கைக்குழந்தை. அதை இடுப்புல வெச்சுக்கிட்டு ரசஞ்சாதம் ஊட்டி விட்டிருக்கா அந்தப் பொண்ணு.

— மேம்.

— குறுக்க பேசாத. கிடர்பூர்ல மழையிலயும் வெயில்லயும் நின்னா. வண்டிக்காரங்களோட மண்குவளையில டீ குடிச்சா. கேட்டுல இருந்த கிளார்க்கைக் கெஞ்சிக் கூத்தாடி பழைய தினக்கணக்கையெல்லாம் வாங்கினா. உட்கார்ந்து ஒரு அத்தியாயம் எழுதிக் கைடுகிட்ட குடுத்தா. படிச்சுட்டுச் சொல்றேம்மான்னார். மாசக்கணக்கா ஒரு பேச்சும் இல்ல. அடுத்து அவர் புக்கு வெளிவந்துச்சு, அதுக்குள்ள அவ அத்தியாயம். போய்க் கேட்டா. கேட்ட தப்புக்குக் கமிட்டி கூப்பிட்டு விட்டுச்சு. அஞ்சு பேர் உட்கார்ந்திருந்தாய்ங்க. ஒருத்தன்கூட ஒரு கேள்வி கேக்கல. புக்குல தேதி அச்சாகியிருக்கு, நீ எழுதினதுல தேதி இல்ல, அதனால நீதான் காப்பி அடிச்சவன்னு சொன்னாய்ங்க. தீர்ப்பு முன்னாடியே டைப் ஆகி மேசை மேல இருந்துச்சு. அவ அழுதுக்கிட்டே சொன்னதை எவனும் எழுதிக்கல. நீ எப்படி எழுதினன்னு யாராவது கேட்டிருந்தா போதும். கேக்கல.

— அந்தப் பொண்ணு நீங்கதானே மேம்.

— உனக்கு யார் சொன்னா? உங்கப்பா சொல்லியிருக்க மாட்டார்.

— அவர் உங்க பேரை ஆத்துல எடுத்ததே இல்ல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். ரெண்டாம் வருஷம் கரியாஹாட் ஹாக்கர்ஸ் பத்தி ஒரு பேப்பர் எழுதினேன். ஃப்ளை ஓவருக்கு அடியில, நடைபாதையில, பூஜா ஷாப்பிங் சீசன் முழுக்க அவாளோடயே நின்னேன். ஒரு காக்கீமா, நம்ம சித்தி மாதிரி, பிளவுஸ் பிட் விக்கறவா, எனக்கு உட்கார ஸ்டூல் போடுவா. மழை வந்தா பாலிதீன் ஷீட்டுக்கு இந்தப் பக்கம் நான் பிடிப்பேன், அந்தப் பக்கம் அவா பிடிப்பா. எழுதி முடிச்சு, இங்கிலீஷ் கொஞ்சம் திருத்திக் குடுங்கோன்னு அப்பா கிட்ட குடுத்தேன்.

— திருத்திக் குடுத்தாரா?

— ஒரு ஜர்னல்ல வந்தது. அவர் பேர்ல. கடைசியில சின்ன எழுத்துல, டைப் செய்து உதவிய என் மகள் சைதன்யாவுக்கு நன்றின்னு போட்டிருந்தார்.

— டைப் செய்து உதவிய.

— கேட்டேன். உன் பேர் வேற என் பேர் வேறயா, ஒரே குடும்பம்தானே, பெருமைப்பட வேண்டாமான்னார். அம்மா சமையல் உள்ளேர்ந்து, அப்பாவோட மல்லுக்கு நிக்காதேன்னு சொன்னா. நான் அழுதுண்டே அவர் பழைய புஸ்தகத்தையெல்லாம் எடுத்து முன்னுரையை மட்டும் படிச்சேன். இதோ, இந்தப் புஸ்தகம். ஆத்துல இருந்த காப்பியை எடுத்தா தெரிஞ்சுடும்னு நம்ம லைப்ரரிலேர்ந்து எடுத்துண்டு வந்திருக்கேன். லைப்ரரி பைண்டிங் போட்டிருக்கா, அட்டையில பேர் இல்ல, உள்ள அதேதான். முன்னுரையில கடைசி வரி பாருங்கோ. டைப் செய்து உதவிய மாணவி மாதவிக்கு நன்றி.

— அந்த வரி எனக்கு மனப்பாடம். காட்ட வேண்டாம்.

— எங்கப்பா யாருக்கு நன்றி சொல்றாரோ அவா கிட்டேர்ந்துதான் எடுத்திருப்பார்னு அன்னிக்குப் புரிஞ்சுது. அப்புறம் உள்ள படிச்சேன். செப்டம்பர் பக்கம் வந்தது. திரும்பத் திரும்பப் படிச்சேன். விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு மொட்டை மாடியில எனக்குக் காத்தாடி விடக் கத்துக் குடுத்ததே அவர்தான் மேம். நூலுக்கு மாஞ்சா தடவுவார், பக்கத்து ஆத்துக் காத்தாடியை அறுத்துட்டா பெங்காலில கத்துவார். அவர் எப்படி அதைக் கப்பல்னு எழுதுவார்? இது வேற யாரோ எழுதினது. இந்த ஊருக்குப் புதுசா வந்த யாரோ.

— நான்தான். எங்க ஊர்ல ஆயுத பூஜை நவராத்திரியோட வரும். வண்டிக்கு மாலை போடுறதுன்னா எனக்கு அக்டோபர்தான். செப்டம்பர்ல ஒரு நாள் இந்த ஊரே வண்டியை நிறுத்தும்னு எனக்கு எப்படித் தெரியும்? கணக்கைப் பார்த்தேன், வண்டியைக் காணோம். கப்பலைத் தேடிக்கிட்டுப் போனேன். எழுதிக் குடுத்த பெறகு வந்த செப்டம்பர்ல அங்க போனேன் பாரு, அத்தனை வண்டியும் செவப்பும் மஞ்சளுமா மாலை போட்டுக்கிட்டு நிக்குது. என்னை உட்கார வெச்சு இலையில கிச்சுடி போட்டாய்ங்க. நான் சாப்பிட்டுக்கிட்டே சிரிக்கிறேன், எதுக்குச் சிரிக்கிறேன்னு அவங்களுக்குப் புரியல. மறுநாளே ஓடினேன். சார், அத்தியாயத்துல ஒரு திருத்தம் இருக்கு சார்னு சொன்னேன். அவசரமில்ல, அப்புறம் பார்க்கலாம்னார். என்ன திருத்தம்னுகூடக் கேக்கல.

— அப்போ அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

— தெரியாது. நானும் சொல்லல. கமிட்டியில சொல்ல விடல, அதுக்கப்புறம் சொல்ல ஆளில்ல. வேற யுனிவர்சிட்டியில முதல்லேருந்து ஆரம்பிச்சு வேற தலைப்புல பட்டம் வாங்கினேன். மதுரையில சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனா, கல்கத்தாவுல ஏதோ திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கிச்சாம்லன்னு என் காதுபடவே பேசுவாய்ங்க. எங்கப்பா பேங்க்குல ஒரு பைசா பிசகாத ஆளு. அவர் அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் போகல. போய்ச் சேர்ற வரைக்கும் என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. நம்பினாரா, நம்பலையா, எனக்கு இன்னும் தெரியாது.

— மேம், அதான் நான் இதைப் பண்ணினேன்.

— எதை?

— கேஸ் போடுங்கோ. கேஸ்னு ஒண்ணு வந்தா நான் எதைப் பார்த்து எழுதினேனோ அதைப் பக்கத்துல வெச்சுத்தானே ஆகணும். கமிட்டியில இருக்கறவா எல்லாரும் வங்காளிகள். செப்டம்பர் பக்கத்தைப் படிச்ச உடனே சிரிச்சுடுவா. இதை ப்ரொஃபசர் சுந்தரராஜனா எழுதினார்னு கேப்பா. அப்போ நீங்க உங்க கதையைச் சொல்லுங்கோ. அடுத்த மாசம் டெல்லியில ஊர்ப்பட்ட டீச்சர்ஸுக்கு முன்னாடி நேர்மை பத்தி அவர் பேசப் போறார். அவர் யுனிவர்சிட்டியில எத்திக்ஸ் கமிட்டிக்கே அவர்தான் தலைவர். அதுக்குள்ள நடக்கணும்.

— இதை நீ நேரா வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— நம்பியிருப்பேளா? முதல் கிளாஸ்ல என் பேரைக் கேட்டேள், அப்பா பேரைக் கேட்டேள். அன்னிலேர்ந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. எல்லாரையும் பேர் சொல்லுவேள், என்னை மட்டும் ரோல் நம்பர். இன்னிக்குத்தான் முதல் தடவையா சைதன்யான்னு கூப்பிட்டேள். மாட்டிண்டதுக்கு அப்புறம்.

— உன் டிகிரி போயிடும். தெரியுமா?

— போகட்டும்.

— சின்னப் புள்ளைத்தனமாப் பேசாத.

— அவருக்கு வலிக்கணும் மேம். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா, இன்னிக்கு எந்தக் காலேஜ்ல பேசினேன், எவ்வளவு கைத்தட்டல்னு சொல்லுவார். நான் மோர் ஊத்துவேன். ஒரு நாளாவது அந்தச் சாதம் அவருக்குத் தொண்டையில இறங்காம நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

— இரு. ரெக்கார்டரை நிறுத்திட்டேன், பாத்துக்க. இப்ப நான் சொல்றதைக் கேளு. இந்த அத்தியாயத்தைப் படிச்சப்ப எனக்குக் கோபம் வரல. சந்தோஷம் வந்துச்சு. சுத்தமான சந்தோஷம். வீட்டுக்குப் போற வழியில இறங்கி சந்தேஷ் வாங்கினேன். என்ன விசேஷம்னு வீட்டுக்காரர் கேட்டார். அந்தாளு பெத்த பொண்ணும் காப்பி அடிச்சு என் கையிலயே வந்து மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். அவர் ஸ்வீட்டை எடுக்கல. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு உனக்குன்னு கேட்டார். எனக்கு அவர் மேலயும் கோபம். நான் மட்டும் அத்தனையும் தின்னேன்.

— பரவாயில்ல மேம்.

— முழுசாக் கேளு. இது டிராஃப்ட். வெள்ளிக்கிழமைதான் கடைசி சப்மிஷன். டிராஃப்ட்ல தப்பு இருந்தா கூப்பிட்டுப் பேசணும், திருத்த வாய்ப்பு குடுக்கணும், கேஸ் போடக் கூடாதுன்னு இருக்கு. அந்த ரூலை எழுதினவளும் நான்தான். அதுக்காக பிரின்சிபால்கிட்ட சண்டை போட்டிருக்கேன். உனக்கு மட்டும் அந்த ரூலைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு உங்கப்பாவுக்குப் போன் பண்ணினேன். உன்னைக் கழுவுல ஏத்தி அவரை வேடிக்கை பாக்க வைக்கணும்னு இருந்தேன்.

— தெரியும் மேம். ஏத்துவேள்னு நம்பித்தான் டிராஃப்ட்லயே குடுத்தேன்.

— என்னடி சொல்ற?

— வேற டீச்சரா இருந்தா கூப்பிட்டுப் புத்தி சொல்லித் திருப்பிக் குடுத்துடுவா. நீங்க விட மாட்டேள். உங்க கோபத்தைக் கணக்குப் பண்ணித்தான் டிசர்டேஷனுக்கு உங்க குரூப்பைக் கேட்டு வாங்கினேன்.

— நீ அந்தாளு பொண்ணேதான்.

— அதுக்குன்னு திட்டாதீங்கோ. அது மட்டும் என்னால மாத்த முடியாது.

— திட்டல. இந்தா, உன் டிராஃப்ட். எடுத்துப் பைக்குள்ள வை. இது இனிமே என் மேசையில இருக்கக் கூடாது. அந்த புக்கு மட்டும் இங்க இருக்கட்டும். உன் பேர்ல நான் கேஸ் போடப் போறதில்ல.

— மேம், ப்ளீஸ். அப்போ அவர் தப்பிச்சுடுவார். உங்களுக்குப் பழி வாங்க வேண்டாமா?

— வேணும். காலையில பல்லு விளக்கும்போதுகூட வேணும். உங்கப்பா போட்டோ பேப்பர்ல வந்தா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது, அம்புட்டு வேணும். ஆனா காப்பி அடிச்சவன்னு ஒரு பேர் ஒட்டினா அது குளிச்சாப் போகாது சைதன்யா. இன்னைக்கும் ஒரு புது காலேஜ்ல என்னைக் கூப்பிட்டா, எவனாவது ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன் காதுல குனியுறான். அதை உன் தலையில கட்டி எனக்கு ஒரு பழியும் வேண்டாம். சொந்தமா எழுதினது ஏதாவது வெச்சிருக்கியா?

— இருக்கு. கிடர்பூருக்கு நிஜமாவே போனேன். இப்போ கைவண்டி கொஞ்சம்தான், எல்லாம் லாரியும் சின்ன டெம்போவும். ஆனா எழுதியிருக்கேன். நன்னா இருக்கான்னு தெரியல.

— தட்டுத் தடுமாறித்தான் இருக்கும். பரவாயில்ல, அது உன்னோட தடுமாற்றம். வெள்ளிக்கிழமை அதைக் குடு.

— மேம், போன். அப்பா மெசேஜ். அலிப்பூர்ல மீட்டிங் முடிஞ்சு வந்துட்டாராம். கீழ கார் நிறுத்தியாச்சு, மாடி ஏறிண்டிருக்கார்.

— வரட்டும். நீ வெளியில போய் இரு.

— என்ன பண்ணப் போறேள்?

— கேக்கப் போறேன். அம்புட்டுதான். எனக்கு யாரும் கேக்காத கேள்வியை அவருக்குக் கேக்கப் போறேன். பெத்த புள்ள கூட இருந்து பாக்க வேண்டியதில்ல.

— நான் இங்கயே இருக்கேன்.

— பின்னாடி அழக் கூடாது.

— அழுதா என்ன?

— சரி, உட்காரு. வாயைத் திறக்காத. ரெக்கார்டர் மறுபடி ஓடுது.

— உள்ள வரலாமா? ஆ, மாதவி. எத்தனை வருஷமாச்சு. சௌக்கியமா? தலை நரைச்சுப் போச்சே, ஆனா உனக்கு அது நன்னாத்தான் இருக்கு. உன் ஒர்க்‌ஷாப்பைப் பத்தி எல்லாரும் சொன்னா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து துவக்கி வெச்சிருப்பேனே.

— உட்காருங்க சுந்தரராஜன் சார். இங்க பேசுறதெல்லாம் ரெக்கார்ட் ஆகும். உங்களுக்குச் சம்மதமா?

— தாராளமா. அடிப்படையில, எல்லாக் காலேஜுக்கும் இதைச் சிபாரிசு பண்றதே நான்தான். பழைய விஷயமெல்லாம் மனசுல வெச்சுக்காம நீ எனக்குப் போன் பண்ணினியே, அதுவே பெரிய குணம். என்ன பண்ணினா இவ? இப்படி உட்கார்ந்திருக்கா, கல்லு மாதிரி.

— காப்பி அடிச்ச ஒரு விஷயம் சார். நானே முடிவு பண்ணினா பழசை வெச்சுப் பழி வாங்குறேன்னு பேச்சு வரும். உங்களைவிட அனுபவம் உள்ளவங்க இந்த ஊர்ல இல்ல. ஒரே ஒரு பக்கம். நீங்களே கேட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க.

— குடு பார்க்கலாம். அடடா, கண்ணாடியைக் கார்லயே விட்டுட்டேன். நீயே படி.

— கைவண்டிகளைப் பத்தி. "ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாத நடுவில் கைவண்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இல்லாமலே போகிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் கப்பல் வரத்து குறைவதே இதற்குக் காரணம். துறைமுகத்தின் நீண்டகாலத் தேய்வை இந்தச் சரிவில் நாம் தெளிவாகக் காண்கிறோம்."

— திரும்பப் படி.

— "கப்பல் வரத்து குறைவதே இதற்குக் காரணம்."

— செப்டம்பர் நடுவுலயா?

— ஆமா சார்.

— விஸ்வகர்மா பூஜைன்னா அது. சைதன்யா, நோக்கு புத்தி கெட்டுப் போச்சா? மொட்டை மாடியில உன்னைத் தோள்ல ஏத்திண்டு காத்தாடி விட்டேனே, அந்த நாள் தெரியலையா? அன்னிக்குக் கிடர்பூர்ல எவன் வண்டி இழுப்பான்? இதுல கப்பல், தேய்வுன்னு பெரிய தத்துவம் வேற.

— தெரியாம எழுதியிருக்கலாம்ல சார்?

— இந்த ஊர்க்காராளுக்குத் தெரியாம இருக்காது. அடிப்படையில இது வெளியூர்லேர்ந்து புதுசா வந்த யாரோ எழுதினது. இங்க ஒரு செப்டம்பர்கூட இருந்து பார்க்காதவா. அதைக் கொண்டு வந்து, படிச்சுக்கூடப் பார்க்காம, அப்படியே தன்னோடதுன்னு போட்டிருக்கு. எனக்கு ஒரு பக்கம் போதும் மாதவி. இத்தனை வருஷ சர்வீஸ்ல எத்தனை திருட்டைப் பார்த்திருக்கேன்.

— உறுதியா சொல்றீங்களா? வேற விதமா இருக்க வாய்ப்பே இல்லையா?

— இல்ல. யார் கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லு, சுந்தரராஜன் சொன்னார்னு சொல்லு.

— சொந்த பந்தம் பாக்காமச் சொல்லுங்க சார். இப்படி எடுத்தவங்களை என்ன செய்யலாம்?

— இதுல என்ன சொந்தம்? அடுத்தவா வேர்வையைத் தன் பேர்ல போட்டுண்டவாளுக்குப் படிப்புல இடமே கிடையாது. யாரா இருந்தாலும் சரி. பட்டத்தைப் பிடுங்கணும், ஊரறியப் பேரைச் சொல்லிப் பிடுங்கணும், அப்போதான் மத்தவாளுக்குப் பயம் இருக்கும். எழுதிக்கோ மாதவி, கீழ நானே கையெழுத்துப் போடறேன். நீ என்னடி, நான் பேசிண்டிருக்கேன், இப்படிப் பார்த்துச் சிரிக்கறே?

— அப்பா, மேம் படிச்சது என் டிசர்டேஷன் இல்ல. உங்க புஸ்தகம்.